எழுபதுகளின் முழக்கம், 50 டாலரில்

ஒலிக்கு முழக்கம் சேர்க்கும் ரிவெர்ப் பிளகினான வல்ஹல்லா விண்டேஜ்வெர்ப்பைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும் எதுவும் இல்லை. தட்டையான பின்னணி, பெயர் எழுதிய குமிழ்கள், அவ்வளவுதான். பளபளக்கும் உலோகத் தகடும் திருகாணியும் வரைந்து பழைய கருவிபோலக் காட்டும் வேலை கிடையாது. ஆனால் எந்தக் குமிழின்மேல் மவுஸைக் கொண்டுபோனாலும், அது என்ன செய்யும் என்று சின்ன விளக்கம் வருகிறது. அமெரிக்காவில் ஷான் காஸ்டெல்லோ நடத்தும் மிகச் சிறிய நிறுவனமான வல்ஹல்லா டிஎஸ்பி இதை 2012இல் வெளியிட்டது.

இதன் உயிர் 'கலர்' என்ற ஒரே பொத்தானில் இருக்கிறது: 1970கள், 1980கள், இன்று. 1976இல் வந்த ஈஎம்டி 250, 1978இல் வந்த லெக்சிகான் 224 போன்ற முதல் டிஜிட்டல் ரிவெர்ப் கருவிகளில் நினைவகம் மிகக் குறைவு. ஒலியைத் தாமதப்படுத்திச் சுற்றவிட இடம் போதாததால், முழக்கத்தின் வால் தகரம்போல ஒலிக்கும் ஆபத்து இருந்தது. தாமத நேரங்களை இடைவிடாமல் மெல்ல அசைத்து அதை மறைத்தார்கள். அந்த அசைவில் பிறந்த மினுமினுப்புத்தான் அக்காலப் பாடல்களின் அடையாளமானது. காஸ்டெல்லோ அந்தக் குறைகளைத் துடைத்தெறியவில்லை; நாமே தேர்ந்தெடுக்கும் நிறங்களாக வைத்திருக்கிறார்.

பெண் குரல் ஒன்றில் சோதித்தேன். 'இன்று' நிலையில் 'ஸ', 'ச' எழுத்துகள் வாலில் தெறித்துச் சிதறின. 1970களுக்கு மாற்றியதும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ரிவெர்ப் அடங்கிவிட, குரல் முன்னால் வந்து நின்றது. சீறல் ஒலியை அடக்கும் டீ-எஸ்ஸர் தனியாகத் தேவைப்படவில்லை. மிருதங்கத்துக்கு, ரிவெர்ப் வகைகளில் 'பிளேட்' வகையை எடுத்தேன். தாழ் ஒலிகளின் வால் நீளத்தை மாற்றும் 'பாஸ்மல்ட்' குமிழை 1க்குக் கீழே இறக்கினால் தொப்பியின் கும்காரம் குழம்பாமல், வலந்தலையின் மீட்டு மட்டும் நீண்டு ஒலிக்கிறது.

நம் இசைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தம்புரா சுருதிமேல் 'கான்சர்ட் ஹால்' வகையைப் போட்டு அசைவின் ஆழமான 'மாட் டெப்த்' அளவை ஏற்றினால், சுருதி அலைகிறது. சிந்தஸைசருக்கு அழகாக இருக்கும் அதே அசைவு, அசையாமல் நிற்க வேண்டிய ஷட்ஜத்தைக் கெடுத்துவிடும். நிறத்தை 'இன்று' என்று வைத்து, ஆழத்தைப் பெரிதும் குறைத்தபிறகே வீணையின் கமகம் தெளிவாகக் கேட்டது.

குறை என்றால், பாடும்போது ரிவெர்ப் தானாக அடங்கும் டக்கிங் வசதி இதிலேயே இல்லை. குறிப்பிட்ட ஒரு கோயில் மண்டபத்தின் ஒலி அப்படியே வேண்டுமென்றால், அங்கே பதிவுசெய்த இம்பல்ஸைக் கொண்டு இயங்கும் கன்வல்யூஷன் பிளகின்தான் சரி. இது அதற்கானதல்ல.

விலை 50 டாலர். உரிமத்தைச் சரிபார்க்கும் டாங்கிள் செருகத் தேவையில்லை. பின்னாளில் சேர்ந்த புதிய வகைகளும் பழைய வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகவே கிடைத்தன. ரிவெர்ப் ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். அவ்வளவும் இப்போது முடியாதென்றால், இதே நிறுவனம் 2020இல் இலவசமாகத் தந்த சூப்பர்மாசிவ் இருக்கிறது. ஆனால் அது விண்வெளிபோல விரியும் ஒலிகளுக்கு உகந்தது, மிருதங்கத்துக்கு அடக்கமான ஓர் அறை வேண்டுமென்றால் உதவாது.