1,100 மணி: யாருடைய அளவுகோல்?

முதலாண்டு வகுப்பில் அளவீட்டுப் பிழைகள் பற்றிய பாடம் முடிந்ததும் ஒரு மாணவன் ஒரு தாளை நீட்டினான். ‘உலகின் கடினமான மொழிகள்’ என்று தலைப்பு. தாய்லாந்து மொழி, எத்தியோப்பியாவின் அம்ஹாரிக், நம் தமிழ் ஆகியவை ஒரே கட்டத்தில் இருந்தன. எதிரே ‘1,100 மணி’ என்று ஓர் எண். “நம்ம மொழியே கஷ்டமான மொழியாம் சார். அதிலே படிச்சதாலேதான் மற்றது எங்களுக்கு ஏற மாட்டேங்குதா?” என்றான். பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழில் முடித்தவன், கேலியாகக் கேட்கவில்லை. ஆகவே அந்த எண்ணைச் சற்று உரசிப் பார்ப்பது என் கடமையாயிற்று.

அமெரிக்க வெளியுறவுத் துறை 1947-இல் தன் அலுவலர்களுக்காக ஒரு பயிற்சி நிலையத்தை நிறுவியது. வெளிநாட்டில் அலுவல் பார்க்கும் அளவுக்கு ஒரு மொழியைக் கற்பிக்க எத்தனை வாரம் தேவை என்பதை அந்நிலையம் தன் அனுபவத்திலிருந்து வகைப்படுத்தியிருக்கிறது. தாய்லாந்து மொழியும் அம்ஹாரிக்கும் தமிழும் சுமார் 44 வாரப் பிரிவில், அதாவது 1,100 வகுப்பு மணிப் பிரிவில் வருகின்றன. சீனம், ஜப்பானியம், கொரியம், அரபு ஆகியவற்றுக்கு இதைப் போல் இரு மடங்கு. இதில் நிலையத்தின் மீது குற்றமில்லை. ஓர் அலுவலரைப் பாங்காக்குக்கு அனுப்புமுன் எவ்வளவு காலம் ஒதுக்குவது என்று அவர்கள் திட்டமிட வேண்டாமா? ‘ஆங்கிலம் பேசுபவருக்கு’ என்ற சொல்லை வெட்டிவிட்டு, எஞ்சியதை ‘உலகின் கடினமான மொழிகள்’ என்று பரப்புகிறவர்களிடம்தான் குற்றம். அலகைச் சொல்லாமல் விடையை எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

திருச்சியை மையமாகக் கொண்டு வரைபடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்தின் மேலுள்ள ஊர்களெல்லாம் திருச்சியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். அதனால் அவை ஒன்றுக்கொன்று அண்டை ஊர்களாகிவிடுமா? ஒன்று கடலோரத்தில் இருக்கலாம், மற்றொன்று மலைமீது இருக்கலாம். இம்மொழிகளின் நிலையும் இதுவே.

முதலில் தாய்லாந்து மொழி. (‘தாய் மொழி’ என்று எழுதினால் நமக்குப் பொருள் மாறிவிடும்; எனவே முழுப் பெயராலேயே குறிப்பிடுகிறேன்.) இதில் வினைச்சொல் உருமாறுவதே இல்லை. காலம், இடம், எண் எதற்கும் விகுதி கிடையாது. ‘நேற்று’, ‘நாளை’ போன்ற சொற்களே பெரும்பாலும் போதும். தொல்லை முழுவதும் காதில் இருக்கிறது. ‘க்லை’ என்பதைச் சமமான தொனியில் சொன்னால் ‘தொலைவு’. தொனியை இறக்கிச் சொன்னால் ‘அருகில்’! இப்படி ஐந்து தொனிகள். குரல்நாண்கள் அதிரும் வேகமே இங்கே பொருளை மாற்றுகிறது. ஆணின் பேச்சில் அவை வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 தடவையும், பெண்ணின் பேச்சில் 200 தடவையை ஒட்டியும் அதிர்கின்றன. ஆயினும் இருவர் சொல்லும் சொல்லும் ஒன்றுதான். கேட்பவர் கவனிப்பது அதிர்வெண்ணின் ஏற்ற இறக்கத்தையே அன்றி அதன் அளவை அன்று. எழுத்திலும் சிக்கல் உண்டு. 21 மெய்யொலிகளுக்கு 44 மெய்யெழுத்துகள். ‘ஸ’ ஒலிக்கு மட்டும் நான்கு. சொற்களுக்கிடையே இடைவெளியும் விடுவதில்லை.

அம்ஹாரிக்கில் தொனிபேதம் கிடையாது. சுமை முழுவதும் வினைச்சொல்லின் மீது ஏறியிருக்கிறது. ஸ-ப-ர என்ற மூன்று மெய்கள் ‘உடைத்தல்’ என்னும் வேர். (ப-வைக் ‘கம்பம்’ என்பதில் ஒலிப்பது போல் கொள்க.) ‘ஸப்பர’ என்றால் உடைத்தான், ‘தஸப்பர’ என்றால் உடைபட்டான், ‘ஸபாரி’ என்றால் உடைப்பவன். மெய்கள் நிற்க, உயிர்களும் இரட்டிப்பும் மாறிக்கொண்டே போகின்றன. இன்னொரு புதுமை வெடிப்பு மெய்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ‘க்’ என்று உரக்க ஒலித்துப் பாருங்கள். குரல்வளை அடைபட்ட நிலையில் மேலெழுந்து, வாய்க்குள் சிக்கிய காற்றின் பருமனைக் குறைக்கிறது, அழுத்தம் கூடுகிறது, நாக்கு விலகியதும் காற்று வெடித்து வருகிறது. பாயில் விதியை வாய்க்குள்ளேயே நிரூபித்தாயிற்று!

ஒன்றில் காதுக்கு வேலை, மற்றொன்றில் இலக்கணத்துக்கு வேலை. இரண்டையும் மணிக்கணக்கில் கூட்டினால் விடை ஒன்றாக வருகிறது, அவ்வளவே.

இனி அளப்பவரை மாற்றுவோம். ஆங்கிலேயருக்குப் பதில் ஒரு தமிழர் அம்ஹாரிக் படிக்கட்டும். 33 எழுத்துகள் ஏழு உயிர்களோடு சேர்ந்து 231 வடிவங்கள் என்றதும் 26 எழுத்துக்காரர் திகைப்பார். 216 உயிர்மெய்களை அரிச்சுவடியிலேயே முடித்தவருக்கு அதில் என்ன திகைப்பு? வாக்கியத்தில் வினை இறுதியில் வருகிறது. ‘நேற்று வந்த பையன்’ என்று நாம் சொல்வதுபோல் அடைத்தொடர் பெயருக்கு முன்னே நிற்கிறது. ‘அல’ என்றால் ‘சொன்னான்’, ‘அல்ல’ என்றால் ‘உண்டு’. ஒற்று இரட்டிப்பதால் பொருள் மாறுவது ‘கனி’, ‘கன்னி’ என்று பழகிய காதுக்குப் புதிதன்று. ஆனால் அவர்கள் எழுத்தில் இரட்டிப்பைக் காட்டுவதில்லை. இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தாம். ஒற்றைப் புள்ளி வைத்துத் தனியே எழுதும் நமக்கு அது பெருங்குறையாகவே படுகிறது. வெடிப்பொலிகள் நமக்கும் கடினமே.

தாய்லாந்து மொழியில் தமிழர் பெறும் சலுகை குறைவு. அவர்களுடைய எழுத்து, தென்னிந்தியாவிலிருந்து சென்ற பல்லவ எழுத்தின் வழிவந்த கெமர் எழுத்திலிருந்து பிறந்தது. ஆதலால் ‘கெ’ என்பதில் போல, மெய்க்குப் பின் ஒலிக்கும் உயிரின் குறி மெய்க்கு முன்னே நிற்பது நமக்கு இயல்பாகத் தோன்றும். ஐந்து தொனிகளில் அந்த உறவு உதவாது.

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். தூரம் என்றால் போவதற்கும் வருவதற்கும் ஒன்றுதான். கற்றலில் அப்படியில்லை. ஆங்கிலேயர் தாய்லாந்து மொழி படிக்கையில் காலவிகுதிகளை விட்டுவிட்டால் போதும். தாய்லாந்துக்காரர் ஆங்கிலம் படிக்கையில் அவற்றைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். ஓர் அமெரிக்கருக்குத் தமிழ் 1,100 மணி என்பதிலிருந்து, ஒரு தமிழ் மாணவனுக்கு ஆங்கிலம் எத்தனை மணி என்று கணக்கிட வழியில்லை. இயற்பியல் ஏறுமா என்பதற்கோ அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. இதைச் சொன்னதும் அவன் தாளை மடித்துக்கொண்டு, “தமிழ் பேசறவங்களுக்கு ஒரு பட்டியல் போட்டா இந்த ரெண்டு மொழிக்கும் ஒரே எண் வருமா சார்?” என்றான். வராது என்றே நினைக்கிறேன். அம்ஹாரிக்குக்குச் சற்றுக் குறைவாக வரும்.