மறைத்த நிறம், தொலைந்த மொழி

ஃபிலிப் ராத் எழுதிய 'தி ஹ்யூமன் ஸ்டெய்ன்' (மனிதக் கறை) நாவல் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில் ராபர்ட் பென்டன் அதனைத் திரைப்படமாக்கினார். திறமையற்றோர் கையில் அகப்பட்டுச் சீரழிந்த கதை என்று இப்படத்தைத் தள்ளிவிட இயலாது. பென்டன் 'கிராமர் வெர்சஸ் கிராமர்' (1979) தந்தவர். அந்தனி ஹாப்கின்ஸ், நிக்கோல் கிட்மன், எட் ஹாரிஸ் ஆகியோர் தேர்ந்த நடிகர்கள். இருந்தும் நாவலைப் படித்துவிட்டு வருபவர் வெறுங்கையுடனேயே எழுந்து போக நேர்கிறது.

கதையை அறியாதோர்க்காகச் சில சொற்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிறு கல்லூரியொன்றில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் போதிப்பவர் கோல்மன் சில்க். ஒருநாளும் வகுப்புக்கு வராத இரு மாணவரைக் குறித்து, அவர்கள் மெய்யாகவே இருக்கின்றனரா அல்லது ஆவியுருக்களா என்று வினவுகிறார். அவர் கையாண்ட 'ஸ்பூக்ஸ்' என்னும் சொல்லுக்கு ஆவி என்ற பொருளோடு, கறுப்பினத்தவரை இழித்துரைக்கும் பழைய வசைப்பொருளும் உண்டு. (தமிழில் இச்சிலேடையைக் கொண்டுவர வழியில்லை.) அவர் கண்ணால் கண்டறியாத அம்மாணவர் இருவரும் கறுப்பர். இனவெறியர் எனப் பழிசுமந்து பதவியை விட்டு வெளியேறுகிறார்; அந்தக் கொந்தளிப்பிலேயே மனைவியும் இறந்துபோகிறார். ஆனால் சில்க் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். தம் வெளிர்நிறத்தைப் பயன்படுத்தி அரை நூற்றாண்டாக வெள்ளை யூதராக வாழ்ந்து வருபவர். மனைவியும் மக்களும் அறியாத இரகசியம் இது.

நடிகர் தேர்வுதான் படத்தைக் கெடுத்தது என்பது பலரும் கூறும் குறை. முதிய சில்க்காக வரும் ஹாப்கின்ஸ் வேல்ஸ் நாட்டவர். இளைய சில்க்காக வரும் வென்ட்வர்த் மில்லர் கலப்பு மரபினர். ஒருவர் முதிர்ந்து மற்றவராகிறார் என நம்புவது கடினமே. எனினும் இது மேலோட்டமான குறை என்றே கருதுகிறேன். நிறம் முகத்தில் எழுதப்பட்டிருக்கும் என்ற எதிர்பார்ப்பையே அமெரிக்க வரலாறு பொய்ப்பிக்கிறது. 1892இல் லூசியானாவில் வெள்ளையர்க்கென ஒதுக்கிய ரயில்பெட்டியில் ஏறிய ஹோமர் பிளெஸி எட்டில் ஒரு பங்கே கறுப்பு வம்சாவளியினர். தாம் யாரென்று அவரே வாய்திறந்து சொன்ன பின்னர்தான் கைது செய்யப்பட்டார். அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1896இல் இனப்பிரிவினைக்கு ஒப்புதல் அளித்தது. சட்டம் தோலைப் பார்க்கவில்லை, வம்சத்தைப் பார்த்தது. எனவே ஹாப்கின்ஸின் முகத்தில் கறுப்பைத் தேடித் தோற்கும் பார்வையாளர், தம்மையறியாமல் சில்க்கின் அயலாரது நிலையில்தான் நிற்கிறார். இந்த வாய்ப்பைப் படம் உணர்ந்ததாகவே தெரியவில்லை.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. நாவலைச் சொல்பவர் நேதன் சக்கர்மன் என்னும் எழுத்தாளர், சில்க்கின் நண்பர். நண்பரின் இரகசியம் அவருக்குத் தெரியவருவது நண்பர் இறந்த பின்னரே, சகோதரி எர்னஸ்டீன் வாயிலாக. ஆகவே நாம் வாசித்துவந்த சில்க்கின் இளமை, காதல், அந்தரங்கச் சிந்தனை யாவும் பெரும்பகுதி சக்கர்மனின் ஊகமே. பிற மனிதரைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதே நாவலின் அடிநாதமான கேள்வி. வகுப்பறையில் உதிர்ந்த ஒரு சொல்லைக் கொண்டு கல்லூரி தீர்ப்பெழுதியது. நாவலாசிரியர் தம் கற்பனையைக் கொண்டு எழுதுகிறார். எவரும் முழுமையாக அறியவில்லை. திரையிலோ காமிரா காட்டியதெல்லாம் நடந்ததாகிவிடுகிறது. பின்னோக்குக் காட்சிகள் சான்றாவணம்போல் வந்து செல்கின்றன. சக்கர்மன் பின்னணியில் குரல் கொடுக்கும் நல்ல நண்பராகச் சுருங்கிவிடுகிறார்.

மற்றொன்று மொழி. சில்க்கின் தந்தை கண்ணாடிக் கடை நடத்தி, அதை இழந்து, ரயிலின் உணவுப்பெட்டியில் பரிமாறுபவராக உழைத்தவர். பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியர் நாடகங்களிலிருந்து பெயர் சூட்டி, ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய துல்லியமான சொல்லால் சுட்டப் பழக்கியவர். அந்தத் தந்தையின் மகன், ஒரு சொல்லின் முதற்பொருளை நம்பியதால் வீழ்கிறான் என்பதே ராத் அமைத்த குரூரமான முரண். படத்தில் தந்தைக்குக் கிடைப்பது மிகச் சொற்ப இடம். மிஞ்சிய நேரத்தையெல்லாம் முதிய பேராசிரியருக்கும் துப்புரவுப் பணியாளரான ஃபானியாவுக்கும் இடையிலான உறவு விழுங்கிக்கொள்கிறது. கிட்மன் உழைத்து நடிக்கிறார். ஆயினும் அப்பெண்ணின் வறுமையும் களைப்பும் அவரது உடல்மீது தங்க மறுக்கின்றன.

ஒரு காட்சி மட்டும் விதிவிலக்கு. வெள்ளையினப் பெண்ணை மணக்கவிருக்கும் மகன், அவளிடம் தன் பெற்றோர் இறந்துவிட்டதாகக் கூறியதைத் தாயிடமே வந்து தெரிவிக்கிறான். தாயாக நடிப்பவர் அன்னா டெவேர் ஸ்மித். மகனுக்குப் பிறக்கப்போகும் குழந்தைகளைத் தான் ஒருபோதும் காணப்போவதில்லை என்பதை அவர் புரிந்துகொள்ளும் அந்தச் சில நிமிடங்களில், படம் தன் மூலநூலின் அருகே வந்து நிற்கிறது. 'நான்' என்று தனித்து வாழத் துணிந்தவன் அதற்காகக் கொடுத்த விலையை இங்கே மற்றொருவர் செலுத்துகிறார். இந்தத் தாயின் வீட்டிலேயே படம் இன்னும் சற்று நேரம் தங்கியிருக்கலாகாதா என்ற ஏக்கம் எழுகிறது.

ராத்தின் நாவலும் குறையற்றதன்று. புகார் கொடுத்த மாணவரிருவரும் அதில் மனிதராக உருப்பெறவில்லை. சில்க் சொன்னதுபோல் ஏறக்குறைய ஆவிகளாகவே இருந்துவிடுகின்றனர். தனிமனிதனின் விடுதலை மீது ராத் கொண்ட பற்று, அவன் விட்டுச்சென்ற சமூகத்தின் வலியை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது.

இத்தகைய கதை திரைக்கே ஒவ்வாதது என்று முடிவுகட்டுவோர், ரெபெக்கா ஹால் 2021இல் இயக்கிய 'பாஸிங்' படத்தைக் காண வேண்டும். நெல்லா லார்சனின் 1929ஆம் ஆண்டு நாவல் அதன் மூலம். இயக்குநரின் தாய்வழிப் பாட்டனாரே வெள்ளையராக வாழ்ந்த கறுப்பர். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட அப்படத்தில், கிளேர் என்னும் பெண் தன் பிறப்பை மறைத்து இனவெறியன் ஒருவனை மணந்திருக்கிறாள். அவளது நிறம் நாளுக்கு நாள் கருத்து வருவதாகக் கேலிபேசி, வசைச்சொல்லொன்றைச் சுருக்கிச் செல்லப்பெயராக்கி அவளை அழைக்கிறான் கணவன். அவள் தோழி ஐரீன் அருகிலிருக்கிறாள். அவளும் கறுப்பினத்தவள் என்பதை அவன் அறியான். அறையில் அவனைத் தவிர மற்றவர் அறிந்ததை நாமும் அறிவோம். ஐரீன் அடக்கமாட்டாமல் சிரிக்கிறாள்.