நின்று பாடும் நாதம், நறுக்கென நிற்கும் நாதம்

நியூ ஜெர்சியின் எடிசன் ஊருக்குப் பெயர் தந்தவர் செய்த இயந்திரத்துக்கு அடித்தொனி கேட்காது. 1877இல் தாமஸ் எடிசன் ஃபோனோகிராஃபை உருவாக்கிய மென்லோ பார்க், இன்றைய எடிசன் நகர எல்லைக்குள்தான் இருக்கிறது. அந்த இயந்திரமும் அதன் வழிவந்தவையும் ஒரு புனல் வழியாக ஒலியை வாங்கின. குரலும் வயலினும் ஓரளவு பதிந்தன. தாழ்ந்த சுரங்கள் தேய்ந்து போயின. 1925 வாக்கில் மைக்ரோஃபோன் பதிவு வரும்வரை, டபுள் பேஸை ஓரங்கட்டிவிட்டு அதன் பங்கை டியூபாவில் ஊதச் சொல்லும் வழக்கம் ஒலிப்பதிவுக் கூடங்களில் இருந்தது.

இன்று அதே ஊரில், ஓக் ட்ரீ சாலையைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களில் பேஸ் கிட்டார் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொங்கல் விழா, பள்ளி ஜாஸ் பேண்ட், யாராவது ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாள் என்று மேடைக்குப் பஞ்சமில்லை. கருவி வாங்கப் போகும்போது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி “எந்த பிராண்ட் நல்லது?” இரண்டாவது “எவ்வளவு ஆகும்?” அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பிள்ளை யாருக்காக வாசிக்கப் போகிறது? ஆடுகிறவர்களுக்கா, பாடுகிறவருக்கா? இலங்கையிலும் இந்தியாவிலும் பேஸ் வாசிக்கப்படும் முறையை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும்.

இங்கே வீடுகளின் பேஸ்மென்டில் நடக்கும் ஒத்திகைகளில் இந்த வேறுபாடு நேரடியாகவே காதில் விழும். யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், சென்னைத் தம்பி புதிதாக வாங்கி வந்த பேஸை மடியில் வைத்து நாலு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: “தம்பி, சாமான் நல்ல சாமான்தான். ஆனா அடிச்சாப் பிறகும் இழுத்துக்கொண்டு நிக்குது. இப்பிடி நிண்டால் சனம் எப்பிடி ஆடுறது?” தம்பி விடவில்லை. “அண்ணா, அதுக்காகத்தானே வாங்கினேன். விரலை எடுக்குற வரைக்கும் அது பாடணும்.”

இருவரும் ஒரே கருவியைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவருக்குக் குறையாகப் பட்டது மற்றவருக்கு நிறை. கடையில் நாம் பெரும்பாலும் ஒரு சுரம் எப்படிப் பிறக்கிறது என்பதையே கேட்கிறோம்: கனமா, மென்மையா, கணீரென்றா. அது எப்படி முடிகிறது என்பதைக் கேட்பதில்லை. வாசிக்கும் பாணிக்கும் கருவிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டிய இடம் அந்த முடிவுதான்.

இலங்கைப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வந்தார்கள். அவர்களோடும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரோடும் வந்த ஆட்டப் பாடல்கள் அந்த மண்ணில் கஃபிரிஞ்ஞாவாகவும் பைலாவாகவும் வேர்விட்டன. போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் திருமணங்களில் கஃபிரிஞ்ஞா இன்றும் ஆடப்படுகிறது. வாலி பஸ்தியான்ஸ் பைலாவைச் சிங்களப் பாட்டாக்கி ஊரெங்கும் கொண்டுபோனார். 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் போன்ற குழுக்கள் மின்கிட்டாரோடு வந்தன. 1969இல் தொடங்கிய ஜிப்சீஸ் குழு சுனில் பெரேராவின் குரலில் அரை நூற்றாண்டு ஆட வைத்தது. தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையை வளர்த்தார்கள். மனோகரனின் ‘சுராங்கனி’ பாக்கு நீரிணையைத் தாண்டி வந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவே அதை எடுத்தாண்டார்.

பைலாவின் தாளம் ஆறு எட்டு. ஒரு சுற்றில் ஆறு சிறு தட்டுகள். கால் ஊன்றுவது இரண்டு இடத்தில். பெரும்பாலான பாட்டுகளுக்கு மூன்று கார்டு (சுரக்கூட்டு) போதும். பேஸ் வாசிப்பவர் மூலச் சுரத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே தாவிக்கொண்டிருப்பார். காகிதத்தில் எழுதினால் எளிமையாகத்தான் தோன்றும். கஷ்டமெல்லாம் சுரங்களுக்கு நடுவே விடும் இடைவெளியில் இருக்கிறது. ஊன்றிய காலை எடுத்து அடுத்த காலை வைக்கும் அந்தக் கணத்தில் பேஸ் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது ரீங்கரித்துக்கொண்டே இருந்தால் துள்ளல் போய்விடும்.

அந்த நிறுத்தத்தைக் கைதான் செய்கிறது. வலது உள்ளங்கையின் விளிம்பை, தந்திகள் ஊன்றி நிற்கும் பிரிட்ஜின் ஓரம் தந்திகள்மேல் லேசாகச் சாய்த்துக்கொண்டு கட்டைவிரலால் தட்டுவது ஒரு வழி. இடது விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துவது இன்னொரு வழி. முழுவதும் எடுத்தால் வெறுந்தந்தி முனகும். தளர்த்தினால் நறுக்கென்று நிற்கும். கல்யாண வீட்டில் இதை மணிக்கணக்காகச் செய்ய வேண்டியிருப்பதால், கையோடு ஒத்துழைத்துச் சீக்கிரம் அடங்கும் கருவியே அங்கே நல்ல கருவி.

இந்தியாவுக்கும் போர்த்துக்கேயர் வந்தார்கள். ஆனால் விளைந்தது வேறு. கோவாவின் தேவாலயப் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசைக் குறியீட்டைச் சொல்லிக் கொடுத்தன. அங்கிருந்து வந்தவர்கள் பம்பாய்த் திரையிசை வாத்தியக் குழுக்களை நிரப்பினார்கள். அந்தோணி கொன்சால்வ்ஸ், செபாஸ்டியன் டிசூசா போன்றோர் அவற்றுக்கு இசை வடிவம் எழுதினார்கள். அதே கப்பல்கள் இலங்கைக்கு ஆட்டத்தையும் இந்தியத் திரையிசைக்குக் காகிதத்தையும் கொண்டுவந்தன என்று சுருக்கிச் சொன்னால் பெரிய தவறில்லை.

சென்னையிலும் அந்தக் காகிதத்துக்குத் தனி மரியாதை உண்டு. 1842இல் தொடங்கி இன்றும் அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல், மயிலாப்பூரில் இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரின் அறை, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகள் எல்லாம் அந்த மரபின் அடையாளங்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் படித்த இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்தார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகக் குறியீடு எழுதிக் கையில் கொடுத்தார். பேஸ் கிட்டாருக்கும் அப்படி ஒரு தாள் வந்தது. ‘நிழல்கள்’, ‘மௌன ராகம்’ படப் பாடல்களை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால், பாடகருக்குக் கீழே இன்னொருவர் வேறொரு மெட்டைப் பாடிக்கொண்டு போவது தெரியும். தியாகராஜருக்கும் யொஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக 1986இல் ‘ஹௌ டு நேம் இட்?’ தொகுப்பை வெளியிட்டவரிடம் பேஸ் வெறும் தாங்குகம்பாக இருக்க முடியாதுதானே.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். நம் மெல்லிசையில் தாழ்ந்த தொனியின் இடத்தைத் தபேலாவின் இடப்பக்கமும் டோலக்கின் இடப்பக்கமும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கின்றன. உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கும்போது ‘கும்’ என்று வளைந்து வரும் அந்த ஒலியே பாட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிடுகிறது. பேஸ் கிட்டார் அங்கேயே போய் முட்டினால் சகதியாகிவிடும். ஆகவே அது சற்று மேலே ஏறி, வழுக்கி, நின்று பாடுகிறது. பைலாக் குழுவில் டிரம்ஸும் கொங்காவும் இருந்தாலும் கீழ்த்தளத்தைத் தாங்கும் பொறுப்பு பேஸ் கிட்டாரின் தலையில்தான்.

சரி, இது கருவியில் எப்படித் தெரிகிறது? 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு 1957 முதல் இரண்டாகப் பிளந்த ஒரே பிக்கப் (தந்தியின் அதிர்வை வாங்கும் காந்தப் பகுதி). 1960இல் வந்த ஜாஸ் பேஸுக்கு இரண்டு பிக்கப்புகள்; கழுத்தும் ஒல்லி. முன்னதன் ஒலி திரண்டு, நெஞ்சில் குத்துவதுபோல் வரும். பின்னதில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைத் திறந்தால் ஒவ்வொரு சுரமும் மூக்கும் முழியுமாகத் தனித்துத் தெரியும். ஆட்டக் குழுவுக்கு முன்னதும், எழுதிய மெட்டை வாசிப்பவருக்குப் பின்னதும் பொருந்துவது இயல்பு. ரஹ்மானின் பாடல்களில் சென்னையின் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸைக் கேட்டவர்களுக்கும், ரஹ்மான் மேடையில் இளம் வயதிலேயே ஏறிய மும்பை மோகினி டேயின் விரல் வேகத்தைப் பார்த்தவர்களுக்கும் ‘ஒவ்வொரு சுரமும் தெரிய வேண்டும்’ என்பதன் அர்த்தம் விளங்கும்.

ஆனால் பிக்கப்பைவிடத் தந்தி செய்யும் வேலை பெரிது. உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வௌண்ட் தந்தி பளிச்சென்று நீண்டு ஒலிக்கும். தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வௌண்ட் தந்தி மேல்தொனிகளைக் குறைத்துச் சீக்கிரம் அடங்கும். மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளுக்கு ஒற்றை விரலால் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பயன்படுத்தியது லா பெல்லா ஃப்ளாட்வௌண்ட். அந்த நிறுவனம் எடிசனிலிருந்து காரில் போய் வரும் தூரத்தில், நியூயார்க் மாநிலத்து நியூபர்க்கில் இருக்கிறது. அந்தக் காலத்து ஃபெண்டர் பேஸ்களின் பிரிட்ஜ் மூடிக்கு அடியில் தந்திகளை அடக்க ஒரு பஞ்சுத் துண்டும் இருந்தது. நறுக்கென்று நிற்கும் ஒலியைத் தொழிற்சாலையே பொருத்திக் கொடுத்த காலம் அது.

கைக்கு எந்தக் கருவி எட்டியது என்பதில் அரசியலும் கலந்திருக்கிறது. இலங்கை 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்டது. இந்தியா 1991 வரை இறுக்கிப் பிடித்தது. அதுவரை கொல்கத்தாவின் கிவ்சன் போன்ற உள்ளூர்க் கருவிகளும், வெளிநாடு போய் வருவோர் கொண்டுவந்தவையும்தான் இந்திய வாத்தியக்காரருக்குக் கதி. இலங்கையிலும் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். அந்தச் சின்ன வானொலியில் பேஸ் முழுதாகக் கேட்டிருக்காது. அதன் தாழ்ந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. உள்ளங்கை அகலமுள்ள ஸ்பீக்கரில் அது வராது. 82, 123 என்று அதன் மேல்தொனிகள்தான் வரும். அடியில் இருப்பதைக் காதே ஊகித்துக்கொள்ளும். இரு கரையிலும் ஒரு தலைமுறை பேஸை இப்படி ஊகித்தே கேட்டு வளர்ந்தது. இன்றைய ஃபோன் ஸ்பீக்கருக்கும் இதே கதிதான். நடுத்தொனி பலமாக உள்ள பேஸ் எந்த ஓட்டை ஸ்பீக்கரிலும் தப்பிப் பிழைக்கும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இலங்கை என்றால் ஆட்டம், இந்தியா என்றால் காகிதம் என்று கோடு கிழித்துவிட முடியாது. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழா மேடைகளில் இசைக்குழுக்கள் சென்னைத் திரைப்பாடல்களைத்தான் பெரும்பாலும் வாசித்தன. காதால் கேட்டே இளையராஜாவின் பேஸ் வரிகளைப் பிடித்து, கொண்டாட்ட வீடுகளில் கடைசியாகப் பைலாவுக்குத் தாவும் கைகள் அவை. அவர்கள் நடுவில் கருவியை மாற்றவில்லை, கையை மாற்றினார்கள். பாணி பாதி கையில், பாதி கருவியில் என்று முதலில் பாடம் எடுத்தவர்கள் அவர்களே.

எடிசன் பிள்ளைக்கு வருவோம். நூறாண்டு நடந்த சாம் ஆஷ் இசைக்கருவி நிறுவனம் 2024இல் தன் கடைகளையெல்லாம் மூடியது. எடிசன் கிளையும் போயிற்று. ஆகவே வாசித்துப் பார்த்து வாங்குவதற்கான இடம் சுருங்கிவருகிறது. இருக்கும் கடைக்குப் போகும்போது ஆம்பின் எல்லாத் திருகுகளையும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். கீழ்த்தொனியும் மேல்தொனியும் ஏற்றி வைத்த ஆம்பில் எந்தக் கருவியும் தனியாகக் கேட்கும்போது பிரமாதமாகத்தான் இருக்கும். குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போகும். பிறகு ஜி தந்தியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரமாக அடித்து விட்டுவிடுங்கள். ஃபெண்டர் வகைக் கருவிகள் பலவற்றில் அந்த வட்டாரத்தில் ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் செத்துவிடும். பாடும் பேஸ் தேடுபவருக்கு அது விலக்க வேண்டிய கருவி. பைலாக்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடுத்து, விரலைத் தளர்த்தி நிறுத்திப் பாருங்கள்: சத்தமில்லாமல் நிற்கிறதா, முனகுகிறதா? கடைசியாக ஸ்ட்ராப் போட்டு எழுந்து நின்று வாசியுங்கள். கைவிட்டால் தலைப்பக்கம் கீழே சாயும் கருவி இடது தோளுக்குச் சத்துரு. சின்னக் கை என்றால் 34 அங்குல நீளத்துக்குப் பதில் 30 அங்குலக் கருவியைக் கேளுங்கள். ஃப்ரெட்டுகள் நெருங்கி வரும், தந்தியும் தளர்வாக இருக்கும்.

இரண்டு மேடையிலும் வாசிக்கப்போகிற பிள்ளைக்கு என் யோசனை இது. இரண்டு பிக்கப் உள்ள பேஸை வாங்குங்கள். தொடக்க நிலைக்கு 250, 300 டாலரில் கிடைப்பது போதும். ரவுண்ட்வௌண்ட் தந்தியோடே இருக்கட்டும். பைலா வரும் நாளில் டோன் திருகைக் குறைத்து, பிரிட்ஜ் ஓரம் தந்திகளுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை விரல் அகலத்துக்கு வெட்டிச் செருகிக்கொள்ளலாம். நீள்கிற நாதத்தை ஸ்பாஞ்சால் குறைத்துவிடலாம். குறைவான நாதத்தை நீட்டுவதற்கு மலிவான வழி எதுவும் இல்லை. சந்தேகம் வந்தால் தம்பி கேட்ட கருவியை வாங்குங்கள். வாசிக்கும் கையை அண்ணரிடம் கற்றுக்கொள்ள அனுப்புங்கள்.