நிலம் மூழ்கிய பின் எஞ்சுவது யாது?

ஜப்பானிய விஞ்ஞானக் கதாசிரியர் சாக்யோ கொமாட்சுவின் பெயரைச் சொன்னவுடன் ‘மூழ்கும் ஜப்பான்’ என்னும் நாவலே நினைவில் எழும். 1973-இல் இரு தொகுதிகளாக வெளிவந்து, ஏறத்தாழ நாற்பது லட்சம் பிரதிகள் விற்ற நூல் அது. அவ்வாண்டு இறுதியிலேயே திரைப்படமாகவும் வந்தது. எரிமலைகள் வெடிப்பதையும் நகரங்கள் சரிவதையும் கண்டு மக்கள் மெய்சிலிர்த்தனர். அந்தச் சிலிர்ப்பே ஆசிரியரின் கருத்தை மறைத்துவிட்டது என்பது நமது எண்ணம்.

1931-இல் ஒசாகாவில் பிறந்த கொமாட்சு, போர் முடிந்தபோது பதினான்கு வயது மாணவர். பத்துக் கோடி மக்களும் ஒருசேர மாண்டொழிவோம் என்ற முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. பின்னர் கியோட்டோ பல்கலைக் கழகத்தில் இத்தாலிய இலக்கியம் பயின்றார். 1961-இல் போட்டி ஒன்றுக்கு அவர் எழுதியனுப்பிய சிறுகதையில், போர் ஆகஸ்டு மாதத்தில் முடியவில்லை. சிறுவனொருவன் சொந்த மண்ணில் போரிட்டுக் கொண்டிருக்கிறான். 1964-இல் வந்த ‘உயிர்த்தெழும் நாள்’ நாவலிலோ கொடுங்கிருமியால் மனிதகுலம் மாய, தென் துருவத்தில் இருந்தோர் மட்டும் எஞ்சுகின்றனர். அழிவைவிட, அதன்பின் எஞ்சுவோரே இவருக்குப் பொருட்டு.

‘மூழ்கும் ஜப்பா’னை எழுத அவருக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. நிலவியல் நுட்பங்களை அவர் கையாளும் திறம் வியப்புக்குரியது. எனினும் நம் நெஞ்சில் தைப்பவை வேறு இடங்கள். வெளியேற்றத் திட்டத்தை வகுக்க அமர்த்தப்பட்ட அறிஞர் மூவரின் ஆலோசனைகளுள் ஒன்று, எதுவும் செய்யாதிருப்பதே மேல் என்பது! அம்முழக்கத்தின் எதிரொலியன்றோ இது? அரசு அதனை ஏற்கவில்லை. பிற நாடுகளின் வாயிலில் நின்று, எம் மக்களுக்கு இடம் தாருங்கள் என்று இரந்து நிற்கிறது. தன்மானமிக்க ஓரினம் புகலிடம் கேட்கும் அப்பகுதிகளே நூலின் உயிர்நிலை.

தீவுகள் மூழ்கப் போவதை முதலில் கண்டறிந்த தடோகொரோ என்னும் விஞ்ஞானி, இறுதியில் ஒரு முதியவரிடம் மனந்திறக்கிறார். தம் மக்கள் தாய்மடி விட்டிறங்காத குழந்தைகள் என்றும், அவர்களும் தீவுகளோடு மூழ்கிவிட வேண்டுமென்றே தாம் விரும்பியதாகவும் கூறுகிறார். கேட்டிருந்த முதியவரோ தம் தந்தை ஒரு சீனத் துறவி என்கிறார். அவ்வளவே, ஆசிரியர் விளக்கம் ஏதும் தரவில்லை. தராததே அழகு.

குறைகளும் உண்டு. காதற் பகுதிகள் வெறும் ஒட்டுவேலை; பெண் பாத்திரங்களுக்கு உயிரில்லை. 1976-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்போ சுருக்கப்பட்டது. அதனை மட்டும் படித்து இவரை எடைபோடுதல் நேர்மையாகாது.

நாவல் சைபீரியாவில் ஓடும் ஒரு ரயிலில் முடிகிறது; அடியில் ‘முதற் பாகம் முற்றும்’ என்றிருக்கிறது. நாடற்றுச் சிதறிய மக்கள் எவ்வாறு ஓரினமாக வாழ்வர் என்பதே ஆசிரியர் எழுத விரும்பிய கதை. ஆயினும் அது வரவில்லை. 1995-இல் கோபே நகரைப் பூகம்பம் தாக்கியபோது அழிவை நேரில் ஆராய்ந்து ஓராண்டுக் காலம் எழுதினார். அதன்பின் மனச்சோர்வுக்கு ஆளானார். இரண்டாம் பாகம் 2006-இல், கோஷு தனியுடன் இணைந்தெழுதிய நூலாக வந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்த வாசகருக்கு அதில் கொமாட்சுவின் எண்ணம் கிடைத்தது. எழுத்தின் வேகம் கிடைக்கவில்லை. ஆழிப்பேரலை வடகிழக்கு ஜப்பானைச் சூறையாடிய 2011-ஆம் ஆண்டின் ஜூலையில், எண்பது வயதில் அவர் காலமானார்.