பில்லுக்குள் ஒரு லிஸ்ட்

ஜாவா படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் விடும் பிழைகளில், திருத்துவதற்கு எனக்கு மிகவும் பிடித்தது அரேலிஸ்ட்டை எக்ஸ்டெண்ட் பண்ணுவதுதான். மருதமுனையில் சாறன் விற்கும் ஒரு கடைக்குப் பில் போடும் மென்பொருள் எழுதச் சொல்லுங்கள். பில் என்ற கிளாஸ் அரேலிஸ்ட்டின் வாரிசாகிவிடும். ஆட், சைஸ் எல்லாம் எழுதாமலே கிடைக்கின்றன என்ற சந்தோஷத்தில், கூடவே கிளியரும் ரிமூவும் வந்து ஒட்டிக்கொண்டதைக் கவனிக்கமாட்டார்கள். காசு வாங்கி முடித்த பில்லை ஒரே வரியில் வெறுமையாக்கலாம்; கம்பைலர் வாய் திறக்காது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லக் கூடாது. 1996இல் வந்த ஜாவாவின் முதல் பதிப்பிலேயே ஸ்டாக், வெக்டரின் வாரிசாகத்தான் வந்தது. மேலே வைத்து மேலேயே எடுக்க வேண்டிய அடுக்கின் நடுவில் எதையும் செருகலாம். பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் அதை இன்றுவரை மாற்ற முடியவில்லை. 2001இல் ஜோஷுவா புளொக் தன் 'எஃபெக்டிவ் ஜாவா'வில் இதையே பிழைக்கு உதாரணமாக வைத்தார்.

திருத்தம் எவ்வளவு அழகு! எக்ஸ்டெண்ட்ஸை வெட்டுங்கள். லிஸ்ட்டை பிரைவேட்டாக உள்ளே வையுங்கள். சேர், மொத்தம், முடி என்று மூன்று மெதட் மட்டும் வெளியே தெரியட்டும். முடித்த பில்லில் சேர்க்கப் போனால் எக்ஸெப்ஷன். இதோடு நிறுத்தி, அந்த லிஸ்ட்டையே கெட்டரில் தூக்கிக் கொடுத்தால் பட்டதெல்லாம் வீண். பிரதிதான் போக வேண்டும். ஜாவா 10இலிருந்து அதற்கு லிஸ்ட்.கொப்பிஆஃப் இருக்கிறது.

பிரைவேட் எதற்கு, பெயருக்கு முன்னால் ஓர் அண்டர்ஸ்கோர் போதும், விளங்கியவன் தொடமாட்டான் என்பார்கள் பைதான் நண்பர்கள். தனியாக எழுதும்போது சரி. பலர் கை மாறும் கடைக் கணக்கில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

டியூஷன் நோட்ஸில் வாரிசுக்கு உதாரணம் இன்னும் விலங்கு, நாய், பூனைதான். வாரிசாக்குவதைவிட உள்ளே வைத்துக்கொள்வதே மேல் என்று 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல் 1994இலேயே சொல்லிவிட்டது. அது இன்னும் அந்த நோட்ஸுக்கு வந்து சேரவில்லை. எனக்குப் படிப்பித்த சேர் கோடைக் கொப்பியில் எழுதவைத்து, சிவப்புப் பேனாவோடு கேட்பார்: "மகன், இந்த செட்டர் யாருக்கு?" பதில் இல்லாவிட்டால் வெட்டுத்தான். இப்போது ஒரு கிளிக்கில் எல்லா ஃபீல்டுக்கும் செட்டர் வந்துவிடுகிறது. பில்லின் மொத்தத்துக்கும் ஒன்று! உள்ளே இருக்கும் சாறன்களைக் கூட்டி வரவேண்டிய தொகையை வெளியிலிருந்து யாரும் எழுதிவிட்டுப் போகலாம். எந்தக் கோடைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் அழிப்பது அதைத்தான்.