‘மெல்லக் கற்போர்’ பட்டியல்: ஓர் ஆய்வு

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் திருத்தப்பட்டதும் நம் பள்ளிகளில் ஒரு பட்டியல் தயாராகும். ‘மெல்லக் கற்போர்’ என்பது அதன் பெயர். தேர்ச்சி மதிப்பெண்ணை எட்டாதவர்கள் அதில் இடம்பெறுவர். அவர்களுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு, படிக்க ஒரு சிறு கையேடு, அடிக்கடி சிறு தேர்வு. வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையோ அண்டை வீட்டுப் பிள்ளையோ இப்பட்டியலில் இருந்திருக்கக்கூடும். இம்முறையை அறிவியல் நோக்கில் எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் அதன் நன்மையைச் சொல்லிவிடுவோம். ஆசிரியர்கள் தம் மாலைப் பொழுதை ஒதுக்கிப் பாடம் சொல்லித் தருகின்றனர். நோயினாலோ குடும்பச் சூழலினாலோ பள்ளிக்கு வராமல் பாடத்தைத் தவறவிட்ட பிள்ளைகள் இதனால் கரையேறுகின்றனர். அவர்களுக்கு வேண்டியது கூடுதல் நேரமே. ஆனால் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் வேண்டியது அதுதானா?

துளையிட்டுப் பார்த்த மண்

நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்புப் பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதைக் கண்டவுடனே யாரும் சுரங்கம் வெட்டத் தொடங்கிவிடவில்லை. பல இடங்களில் துளையிட்டு, மேல்மண்ணின் ஆழம், பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் தடிப்பு, அதன் கீழே மிகுந்த அழுத்தத்துடன் நிற்கும் நீர் ஆகியவற்றை ஆராய்ந்தனர். அந்த நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், அது சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு மேலெழும். மண்ணுக்குச் செய்த இந்தச் சோதனையை மாணவனுக்குச் செய்கிறோமா?

நகரியத்தைச் சுற்றியுள்ள ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். நான்கு பிள்ளைகள் 20 மதிப்பெண் பெற்றிருக்கின்றனர். ஒருவனுக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. ஒருத்திக்குக் காதில் சீழ் வடிவதால் பாதிச் சொற்கள் கேட்பதில்லை. மூன்றாமவன் வேற்று மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியின் மகன். அவன் வீட்டு மொழி தமிழன்று. நான்காமவனுக்கு ‘டிஸ்லெக்சியா’ எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு. பட்டியலில் நால்வரும் ஒன்றே. மாலையில் அதே பாடத்தை அதே முறையில் மீண்டும் நடத்தினால், நால்வரில் எவனுடைய தடை நீங்கும்?

மதிப்பெண் விளைவைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டவில்லை. இதுவே முதற் குறை.

வாசிப்பு இடர்ப்பாடு என்பது யாது?

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அறிவுக் கூர்மையும் கணக்குத் திறனும் உள்ள அவனுக்கு எளிய சொற்களைக்கூட வாசிக்க வரவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் சிறந்த மாணவன் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். கண்ணிலோ அறிவிலோ குறையில்லை. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பணியில்தான் இடர்ப்பாடு.

நம் மொழியில் இது வேறு விதமாகத் தோன்றும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள் உண்டு. ஆகவே இடர்ப்பாடுள்ள பிள்ளை பிழையாக வாசிக்கும், எளிதில் அகப்பட்டுவிடும். எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான உறவுள்ள மொழிகளில் அத்தகைய பிள்ளை ஓரளவு சரியாகவே வாசிக்கும். ஆனால் மிக மெதுவாக, எழுத்தெழுத்தாக வாசிக்கும். ஜெர்மன், இத்தாலிய மொழி ஆய்வுகள் இதைக் காட்டியுள்ளன. தமிழும் பெரும்பாலும் அத்தகையதே. இங்குப் பிழைகளை மட்டும் எண்ணினால் போதாது, கடிகாரமும் வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை. ‘ன’, ‘ண’ மயங்குவதும், ‘ல’, ‘ள’, ‘ழ’ மயங்குவதும் எல்லாப் பிள்ளைகளிடமும் காணப்படுபவை. அவற்றைக் கண்டவுடன் ‘டிஸ்லெக்சியா’ என்று முத்திரை குத்துவதும் தவறே.

சட்டமும் நடைமுறையும்

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைகளை மட்டுமே ஏற்றது. கற்றல் இடர்ப்பாடு அவற்றில் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்று, இதனையும் சேர்த்தது. அதன் 16-ஆவது பிரிவு, இவ்விடர்ப்பாட்டை இயன்றவரை இளமையிலேயே கண்டறிந்து தக்க கற்பித்தல் முறைகளை மேற்கொள்ளுமாறு கல்வி நிறுவனங்களைப் பணிக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடையே கணக்கெடுக்கவும் அடுத்த பிரிவு சொல்கிறது.

நடப்பது என்ன? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் பரபரப்பு. சான்று பெற்றவர்க்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவர் உதவியும் கிடைக்கின்றன. நல்லதே. ஆனால் ஏழு வயதில் கண்டிருக்க வேண்டியதைப் பதினைந்து வயதில் கண்டால், இடையில் அப்பிள்ளை ‘சோம்பேறி’, ‘மக்கு’ என்று கேட்ட சொற்களை எந்தச் சான்றிதழ் துடைக்கும்? வாசிக்க முடியாமையை மறைக்கக் குறும்பு செய்யத் தொடங்கிய சிறுவன் ‘அடங்காப்பிள்ளை’ எனக் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறான். அவன் நடத்தையைத் திருத்தும் முன் அவன் வாசிப்பதைக் கேட்டிருக்க வேண்டாமா?

2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இவ்வகையில் ஒரு முன்னேற்றம். முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்க அது வழி செய்தது. எனினும் நிலையை அறிவது ஒன்று. அந்நிலையிலேயே ஒரு பிள்ளை தேங்கி நிற்கும் காரணத்தை அறிவது வேறு.

நீங்கள் செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டா. வினாவை நீங்கள் வாசித்து, விடையை வாயால் சொல்லச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் தடை பாடத்தில் இல்லை, வாசிப்பிலோ எழுத்திலோ இருக்கக்கூடும். கரும்பலகையில் இருப்பதைத் தொலைவிலிருந்தும் அருகிலிருந்தும் படிக்கச் செய்யுங்கள். பின்னாலிருந்து மெல்லிய குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். கணக்கை அவன் வீட்டு மொழியில் கேட்கச் செய்யுங்கள். இவை நோயை முடிவு செய்யமாட்டா. யாரிடம் அழைத்துச் செல்வது என்பதைக் காட்டும். கண், காது மருத்துவர்கள் ஒருபுறம். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் மறுபுறம்.

1905-இல் பிரான்சில் ஆல்ஃபிரட் பினே நுண்ணறிவுச் சோதனையை வகுத்தது, தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்கே. பின்னாளில் அதையே பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் முத்திரையாக்கினர் பிறர். நம் பட்டியலுக்கும் அக்கதி நேரலாகாது. பட்டியலைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘மதிப்பெண்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘காரணம்’ என்று இன்னொரு கட்டம் போடச் சொல்லுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அக்கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.