திறந்த உலகமும் திணை மரபும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்த தொல்காப்பியர் அவற்றோடு நில்லாது, அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், ஆண்டு வாழும் மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் கொண்டார். பாட்டுக்கென வகுத்த இவ்விலக்கணத்தைக் கணினி ஆட்டங்களுக்குப் பொருத்துதல் மிகையென்று புலவர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், ஒரு நிலப்பரப்பை முற்றப் படைத்து, அதனுள் ஆடுவோனை வேண்டியவாறு உலவ விடுகின்ற ‘திறந்த உலக’ ஆட்டங்களை மதிப்பிடுதற்கு இதனினும் ஏற்ற அளவுகோல் தமிழில் இல்லை.

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் வளரும் மாணவனுக்கு இணையத்தொடர்பு என்பது மலை விட்ட வழி. மேட்டில் ஏறினால் அலை கிட்டும். பள்ளத்து லயத்துக்கு இறங்கினால் அற்றுப்போகும். கிட்டும்போதும் காசு கரையும். ஆதலின், ஒருமுறை பெற்றுக்கொண்டபின் இணையமின்றியே ஆடத்தக்க ஆட்டம்தான் அவனுக்கு ஆட்டமாகிறது. இவ்வகை ஆட்டங்களைத் திறனாய்வோர் பெரும்பாலும் பெருநகரத்தார். லயத்து வாயிலில் அமர்ந்து ஆடுவோன் காண்பது சிறிது வேறுபட்டது.

அவன் கையில் எளிதில் எட்டுவது ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ: சான் அன்ட்ரியாஸ்’. 2004இல் வெளிவந்து, 2013இன் இறுதியில் கைத்தொலைபேசிக்கும் வந்த இவ்வாட்டம் மூன்று நகரங்களும், இடையே நாட்டுப்புறமும் வறள்நிலமும் கொண்டது. வன்செயலும் இழிசொல்லும் இதில் மலிந்துள்ளன என்னும் குற்றச்சாட்டு மெய்யே; பெற்றோர் அஞ்சுவதில் பிழையில்லை. ஆயினும் இதன் அமைப்பில் நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. உலகம் திறந்தது என்று பெயரேயன்றித் தொடக்கத்தில் அது பூட்டியே கிடக்கின்றது. கதை உரிய கட்டத்தை எட்டுமுன் நாயகன் கார்ல் ஜோன்சன் அடுத்த நகருக்குள் அடிவைத்தால் காவற்படை மூண்டெழுந்து துரத்தும். ஊவாவில் இதனை ஆடுவோன் குடும்பத்து முதியோர் சொல்லக் கேட்ட பழங்கதை ஒன்றை நினையாதிருத்தல் அரிது. கங்காணியிடம் பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் ஆளை விடுவோம் என்று துரைமார் எழுதித்தந்த ‘துண்டு’ இன்றித் தொழிலாளி ஒரு தோட்டம் நீங்கி மறுதோட்டம் சேர இயலாதிருந்தது. அம்முறை 1921இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. தெமோதரைக்கு அண்மையில் ஒன்பது வளைவுப் பாலம் எழுந்ததும் அவ்வாண்டிலேயே. புகைவண்டி பதுளையை அடைய மேலும் மூன்றாண்டுகள் சென்றன.

முதற்பொருளைப் படைப்பதில் இன்றுவரை தலைசிறந்து நிற்பது 2017இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘பிரெத் ஒஃப் த வைல்ட்’. ஏனைய ஆட்டங்களில் மழை ஓர் அழகு மட்டுமே. இதில் அது ஒரு வினை. பாறையில் பற்றி ஏறுவோன் மழை தொடங்கியதும் வழுக்குகிறான். இரும்புப் படை தாங்கியவன் மீது இடி வீழ்கின்றது. பொழுதும் நிலமும் மாந்தர் செயலைத் தீர்மானிக்கின்றன என்பதே திணைக் கோட்பாட்டின் உயிர்நாடி. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் உலர்காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் தனிமணத்தைத் தருகிறது என்பதை அறிந்தோர்க்கு இந்நுட்பத்தை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

கருப்பொருளுக்கு வருங்கால் குறை புலப்படுகின்றது. விலங்கும் மரமும் புள்ளும் ஆயிரக்கணக்கில் உண்டு, தொழில்தான் இல்லை. 2017இல் வந்த ‘அன்சார்ட்டட்: த லொஸ்ட் லெகசி’ மேற்குத் தொடர்ச்சி மலையையே களமாகக் கொண்டது. ஹொய்சளர் காலத்துக் கோயில்களும் அருவிகளும் சூழ்ந்த பரந்த பள்ளத்தாக்கில் வண்டியோட்டித் திரியலாம். தென்னாட்டு மலையொன்று இத்துணை எழிலுடன் தீட்டப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அங்கு எதிர்ப்படுவோர் படைக்கலம் ஏந்திய பகைவர். உழுவோனோ ஆடு மேய்ப்போனோ இல்லை. எல்லவுக்கு வரும் சுற்றுலாப் பயணி புகைவண்டிச் சாளரத்தினின்று காண்பதும் இத்தகைய மலைதான். பச்சை உண்டு, பனி உண்டு, கூடை சுமந்த பெண்ணின் உருவும் ஓர் ஓவியப் புள்ளியாக உண்டு. அன்று அவளுக்கு விழுந்தது முழுப் பேரா அரைப் பேரா என்னும் வினா இல்லை. மலையின் சீற்றமும் அக்காட்சியில் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு லயங்களை மூடிப் புதைத்ததைக் கண்ட மக்களுக்கு மலை வெறும் காட்சிப்பொருள் ஆகாது.

உரிப்பொருளை எட்டிய திறந்த உலகம் மிகச் சிலவே. அவற்றுள் 2018இல் வெளிவந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ முதலிடம் பெறத்தக்கது. வலிய கணினி வேண்டுவதாகலின் லயத்து அறைகளில் அரிதாகவே காணப்படுவது. இதன் நாயகன் ஆர்தர் மோர்கன் ஒரு கொள்ளைக் கூட்டத்தான். கூட்டத்திலுள்ள வட்டிக்கடைக்காரனுக்காகக் கடன் தண்டச் சென்று, தாமஸ் டவுன்ஸ் என்னும் நோயுற்ற ஏழைக் குடியானவனை அடிக்கிறான். அவனிடமிருந்து தொற்றிய காசநோயே ஆர்தரின் உயிரைக் குடிக்கின்றது. தன் நோயை அறிந்தபின் அவன் உலவும் காடும் புல்வெளியும் முன்னிருந்தவையே. ஒரு மரமும் மாறவில்லை. ஆயினும் ஆடுவோன் கண்ணுக்கு அவை வேறாகின்றன. நல்ல நிலம் தன் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் உணர்த்தியது இதுவே போலும். கடன் கொடுத்தவன் கணக்கு நூற்றாண்டு கடந்தும் வாங்கியவன் வழித்தோன்றலைப் பற்றி நிற்கும் என்பதைத் தோட்ட மக்களுக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனைத் தண்டச் சென்றவனையும் அது பற்றும் என்று காட்டியதே இப்படைப்பின் பெருமை.

இணையமின்றி ஆடுதல் என்பதை ஏழைமையின் அடையாளமாக மட்டும் கருதுவோர் 2024 மார்ச் 31ஆம் நாளை நினைத்தல் வேண்டும். 2014இல் யூபிசொஃப்ட் வெளியிட்ட ‘த குரூ’ என்னும் வண்டியோட்டும் ஆட்டம், ஒருவர் தனித்து ஆடினும் இடையறாத இணையத்தொடர்பை வேண்டியது. அந்நாளில் நிறுவனம் தன் வழங்கிக் கணினிகளை நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கியோர் அனைவரும் பூட்டிய கதவின்முன் நின்றனர். வாங்கியது பொருளன்று, தங்கியிருக்கும் இசைவு மட்டுமே என்பது அன்றுதான் பலருக்கு விளங்கிற்று. உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பிற்று. தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்து அறையில் பிறந்தும் இறந்தும், அவ்வறைக்குக் காணியுறுதி இன்றி வாழும் பெரும்பாலான குடும்பங்களுக்கு இச்செய்தியில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தட்டிலோ தொலைபேசியிலோ முழுமையாக அடங்கி, எவர் இசைவும் வேண்டாது திறக்கும் ஆட்டத்தை அம்மாணவன் பெரிதெனப் பேணுவது வறுமையால் மட்டும் விளைந்ததன்று.

தமிழ் வாழ்வு இக்கலையில் இடம்பெறவே இல்லை என்பதற்கில்லை. தொரன்ரோவிலிருந்து 2023இல் வெளிவந்த ‘வெண்பா’, கனடாவிற் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி சிதைந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலி அவிப்பதையும் குழம்பு வைப்பதையும் ஆட்டமாக்கியது. மறு ஆண்டில் பாஃப்டா விருதும் பெற்றது. திறந்த உலகமன்று அது, ஓர் அடுக்களை. ஆயினும் உணவும் தொழிலும் தாயின் ஒழுக்கமும் ஒன்றோடொன்று இழைந்து, பரந்த நிலங்கள் பலவற்றிற் காணாத நிறைவு அதில் உண்டு.

மாசி மாதத்தில் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தையும் ஈண்டு ஒப்புநோக்கலாம். அதற்கு மேடை இல்லை. லயத்து வாசலும் சந்தியும் கோயில் முன்றிலுமே களம். காண வந்தோன் எப்போது கூத்தில் பங்கு கொண்டான் என்பது அவனுக்கே தெரிவதில்லை. ரதியின் புலம்பல் எழும்போது அழுவோர் அயலார் அல்லர். பகலில் அவளாக ஆடுவோனுடன் ஒரே மலையில் வேலை செய்தோர். அத்தகைய நிலம் ஒன்றை ஆட்டமாகப் படைக்க முனைவோன் நமுனுகுலையின் முகட்டையும் தெமோதரைப் பாலத்தையும் தீட்டினால் போதாது. விடியற்காலைப் பிரட்டுக்களம் வேண்டும். மழையில் வழுக்கும் ஒற்றையடிப்பாதை வேண்டும். காலில் ஏறும் அட்டையும், மாலையில் கொழுந்து நிறுக்கும் தராசும் வேண்டும்.